வெளுக்காத பஞ்சு

வெள்ளகோவிலில் கடல் இல்லை.
எங்கள் குடோன் சுவரில் இருக்கிறது,
இரண்டரை அடிக்கு நாலடி, பிளாஸ்டிக் தாளில்,
ஆர்டரோடு வந்த வரைபடம்.
மில் காலண்டருக்குப் பக்கத்தில்
பொங்கியண்ணன் ஆணி அடித்து மாட்டிய நாளிலிருந்து
லோடு ஏற்ற வருகிறவர்கள்கூட
ஒரு நிமிடம் கரையில் நின்றுவிட்டுப் போகிறார்கள்.

சிவப்பு, அலையாத்திக் காடு.
எண்ணெய் புகுந்தால் வேர் மூச்சடைத்துப் போகும்;
வேர் வேராகக் கழுவ யாராலும் ஆகாது.
ஆரஞ்சு, ஆமை முட்டையிடும் மணல்,
தையிலிருந்து பங்குனி வரைக்கும் மட்டும்.
மஞ்சள், உப்பளம் தண்ணீர் எடுக்கும் வாய்.
பச்சை, வெறும் மணல்.
வந்தால் வரட்டும், மண்வெட்டியால் அள்ளிக்கொள்ளலாம்.

அந்தப் பச்சைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எல்லாக் கரையையும் காக்க முடியாதாம்.
கப்பல் உடைந்த ஆறு மணி நேரத்தில்
கைக்குக் கிடைக்கும் மிதவை எண்ணூறு மீட்டர்.
எதை விட்டுவிடுவது என்பதை
எண்ணெய் இல்லாத ஒரு நல்ல நாளில்
நாற்காலி போட்டு உட்கார்ந்து
எழுதி வைத்துவிட வேண்டுமாம்.

எனக்கு இது புதிதில்லை.
பி.ஏ.பி. வாய்க்காலின் கடைமடையில் பிறந்தவள்.
மண்டலம், முறை, மடை திறக்கும் தேதி
எல்லாம் காகிதத்தில் ஒழுங்காகத்தான் இருக்கும்.
காங்கயம் தாண்டித் தண்ணீர் வருவதற்குள்
முறை முடிந்திருக்கும்.

பஞ்சு எங்கள் பங்கு.
ஓ.ஈ. மில்லும் வேண்டாமென்று தள்ளிய குட்டைப் பஞ்சு.
வெளுத்த பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு மூழ்கும்.
வெளுக்காததில் செடி பூசிய மெழுகு அப்படியே இருக்கிறது,
தண்ணீரை உதறும், எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும்.
நம்பாமல் நானே தொட்டியில்
டீசல் இன்ஜின் கழிவை ஊற்றிப் பார்த்தேன்.
எடுத்துப் பிழிந்த மயிலாத்தாளின் கை
மூன்று நாள் மணந்தது.
வலைக்குழாயில் திணிக்கிறாள், தைக்கிறாள்,
மூன்று மீட்டருக்கு ஒரு கொக்கி.

ஒத்திகையில் எண்ணெய் ஊற்ற மாட்டார்கள்.
கடலைக்காய்த் தொலி மிதக்குமா என்று கேட்டார்கள்.
எட்டு மூட்டை அனுப்பினோம், பில் போடவில்லை.
காலை ஏழு மணிக்குப் படகிலிருந்து கொட்டினார்கள்.
சிவப்புக்குக் குறுக்கே மிதவை கட்டிக் காத்திருந்தார்கள்.
காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு
என்பது கணக்கு.
தொலிக்குக் கணக்குத் தெரியவில்லை.
ஓடை நீரோட்டத்தோடு ஒதுங்கித்
தெற்கே போனது, மதியத்துக்குள்
ஒரு சின்னக் கழிமுகத்தில் கரையேறியது.

லிபோரியாதான் போனில் சொன்னாள்.
வரைபடத்தில் தேடினேன். ஒரு வளைவு,
நிறம் இல்லை, பச்சைகூட இல்லை.
"ஏனுங்க, அந்த எடத்துக்குப் பேரென்னங்க?"
"பேரு போடல அக்கா.
நாலு வள்ளம் கட்டுற எடம்.
எங்கப்பா வள்ளமும் அங்கனதான்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பின்னால் யாரோ சீவல் மாரால்
தொலி கூட்டும் சத்தம் கேட்டது.

ஐப்பசியில் புது வரைபடம் வந்தது.
வளைவுக்கு இப்போது பேர் இருக்கிறது,
மஞ்சள் இருக்கிறது, நாற்பது மீட்டர் என்று
பேனாவில் எழுதியிருக்கிறது.
பொங்கியண்ணன் பழையதைக் கழற்றி
மூட்டை மூடப் போட்டுவிட்டார்.

மிதவை மட்டும் அதே எண்ணூறு.
இங்கே நாற்பது ஏறியிருந்தால்
எங்கேயோ நாற்பது இறங்கியிருக்க வேண்டும்.
ஷிஃப்ட் முடிந்த பிறகு, பஞ்சு ஒட்டிய விரலை வைத்து,
வடக்கிலிருந்து ஒவ்வொரு கரையாக
இன்னும் பார்த்துக்கொண்டு வருகிறேன்.